முந்நூற்றுப் பதினெட்டாம் தாள்

முந்நூற்றுப் பதினெட்டாம் இலக்கக்காரன் பயந்துவிட்டான் என்று முதலில் சொன்னது ஆரூரன்தான்.

ரொறன்ரோவில், ஒன்பதாம் மாடியில் இருந்த ஓர் அறையில் வைத்துச் சொன்னான். பெப்ரவரி மாதத்துப் பின்னேரம். அவனோடு இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் முன்னால் சுவர் முழுக்கத் திரை. திரையில் சாம்பல் நிறப் பனித்தளம், அதன்மேல் முகமில்லாத வெள்ளை உருவங்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இலக்கம். உண்மையான மனிதர்கள் உண்மையாக ஆடிய ஐஸ் ஹொக்கி ஆட்டம்தான் அது. ஆனால் திரைக்கு வருமுன் கணினி எல்லாவற்றையும் உரித்துவிடும். முகம், தோல் நிறம், உயரம், சட்டை, சறுக்கும்போது உடம்பு போடும் சாய்வு, கூட்டத்தின் கூச்சல், ஆட்டம் நடந்த தேதி, ஒன்றும் மிஞ்சாது. சில ஆட்டக்காரரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றியும் காட்டும். யாரைப் பார்க்கிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் விதி.

ஆட்டக்காரரை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் காலத்தில், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பு எண் போடுவது இவர்கள் வேலை. அந்த எண்ணை வைத்தே ஒருவன் இருப்பதும் போவதும்.

"முதல் இருபது நிமிடம் குறை சொல்ல முடியாது," என்றான் ஆரூரன். "வட்டு எங்கே வரும் என்று இவனுக்கு முதலே தெரிகிறது. ஆனால் வலப்பக்கமாகத் திரும்ப வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு தயக்கம். ஒரு நொடியில் மூன்றிலொரு பங்கு. ஆட்டப் பருவத் தொடக்கத்தில் அது இல்லை."

"வயசு," என்றார் கிரெய்க். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேடிப் பிடித்து அணிகளுக்குச் சொன்னவர். "முதலில் போவது திரும்புகிற வேகம்தான். எனக்கு இப்போது கதிரையிலேயே திரும்ப முடியவில்லை."

"வயசென்றால் இரண்டு பக்கமும் அல்லவா குறைய வேண்டும்? இடப்பக்கம் கத்தி மாதிரி இருக்கிறதே."

மிரேய் தன் காப்பிக் கோப்பையைத் திரையை நோக்கி நீட்டினாள். கியூபெக்காரி, ஒரு காலத்தில் கோல் காத்தவள். "எனக்கென்னவோ இவனுக்கு அந்தப் பக்கம் கண்ணே தெரியவில்லை போலிருக்கிறது. யாராவது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்."

"கண்ணாடிக்கு எத்தனை புள்ளி வெட்டுவோம்?" என்றார் கிரெய்க். மூவரும் சிரித்தார்கள். ஆரூரனும் சிரித்தான்.

பிறகு அவன் எட்டாவது ஆட்டத்தைப் போடச் சொன்னான். 318 தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையோரம் வருகிறான். வலப்பக்கத்திலிருந்து ஓர் உருவம் பாய்ந்து அவனைப் பலகையோடு சேர்த்து அடிக்கிறது. எழும்புகிறான். ஆட்டத்தைத் தொடர்கிறான்.

"இதற்குப் பிறகுதான் தயக்கம் கூடியிருக்கிறது," என்றான் ஆரூரன். "கால் போகிறது, மனம் போக மறுக்கிறது. பயம்."

"மருத்துவத் தாளைக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றாள் மிரேய்.

"அது நமக்கு வராது," என்றார் கிரெய்க்.

"வராது என்று எனக்கும் தெரியும். வர வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்."

"வந்த காலத்தில், முழங்கால் நோகிறது என்று வாய் திறந்தவனையெல்லாம் அணிகள் கழித்துவிட்டன. வேண்டாமென்று ஆட்டக்காரர் சங்கமே கேட்டு வாங்கியது. மறந்துவிட்டாயா?"

மிரேய் தோளைக் குலுக்கினாள். எழுபத்துநான்கிலிருந்த எண் ஐம்பத்தெட்டானது. மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மதிப்பீட்டுத் தாளில் குறிப்பு எழுதும் வேலையை மற்ற இருவரும் எப்போதும் ஆரூரனிடமே விட்டுவிடுவார்கள். அவன் நன்றாக எழுதுவான். கால் மணி நேரம் எழுதினான். கடைசி வரி இது: "உடல் குறையவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கத்துக்குத் தினமும் தனியாகப் பழகினால் மீளலாம்."

அதற்குப் பிறகு 319 வந்தான்.

*

பெயரை மறைக்கும் அந்த விதியை எழுதியவனே ஆரூரன்தான்.

அவன் தம்பி துவாரகனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஓர் இளையோர் அணியின் அலுவலகத்தில் ஆரூரன் கோடை விடுமுறை வேலை பார்த்தான். பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை. அதில் தம்பியைப் பற்றி யாரோ எழுதிய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. "கால் நல்லது. கண் நல்லது. ஹொக்கிக் குடும்பம் இல்லை. இவர்கள் குளிருக்கும் அடிக்கும் நிற்க மாட்டார்கள். பெயரை வாசிக்கவே இரண்டு நாள் வேண்டும்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா பதினெட்டு வருடம் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்தவர். குளிருக்கு நிற்க மாட்டார்களாம். ஆரூரன் அந்தக் குறிப்பைத் துவாரகனுக்குக் காட்டவில்லை. தனக்குள்ளேயே பத்து வருடம் வைத்திருந்தான். புள்ளிவிவரம் படித்தான். மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்தான். பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டால் எத்தனை பேருடைய எண் உயர்கிறது என்று காட்டி ஓர் அறிக்கை எழுதினான். இரண்டே வருடத்தில் அது விதியானது. அடுத்த வருடம் பஞ்சாபிப் பையன்கள் மூவரும் ஒரு சோமாலிப் பையனும் பெரிய அணிகளில் எடுபட்டார்கள். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தே கொஞ்ச நேரம் அழுதான்.

விதியில் ஓர் ஓட்டை இருந்தது. பெயர் கணினிக்கும் தெரியாது. ஆகவே ஒருவனுடைய தாள் அவன் சொந்தக்காரனிடம் போகாமல் தடுக்கவும் அதற்குத் தெரியாது. அதைச் சரிக்கட்ட இன்னொரு விதி போட்டார்கள். உறவில் ஆட்டக்காரர் உள்ள மதிப்பீட்டாளர், பருவம் தொடங்கி முடியும்வரை அவரோடு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் ஆடுவதைப் பார்க்கவும் கூடாது.

சின்ன வயதிலிருந்தே துவாரகன் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிடுவான். "சரி, பிழையைச் சொல்லு" என்பான். அண்ணன் பிழை சொல்வான். அதுதான் அவர்களுக்குள் பாசம். விதி வந்த பிறகும் கூப்பிட்டான். ஆனால் பேச்சு வேறாகிவிட்டது.

"சஸ்கடூனுக்கு மாத்திப் போட்டாங்கள் அண்ணா," என்றான் மார்ச் மாதத்தில் ஒரு நாள்.

"பேப்பரில பாத்தனான். குளிரோ?"

"மூக்கு விழுந்திடும் போல. அம்மாவின்ரை முழங்கால் எப்பிடி?"

"படி ஏறுறா. இறங்கேக்கதான் உன்னைத் திட்டுறா."

"என்னையோ? நான் என்ன செய்தனான்?"

"அவவைக் கனடாவுக்குக் கூட்டி வந்தது நீதானாம்."

"நான் பிறந்ததே இஞ்சதானே!" துவாரகன் சிரித்தான். "அண்ணா, சரி... சீசன் முடிய, மே மாசம் எல்லாம் கதைப்பம், என்ன?"

"ஓம். மேயில கதைப்பம்."

ஏப்ரல் பதினோராம் தேதி காலை, மற்றவர்கள் வருமுன் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, துவாரகன் தளத்தில் விழுந்தான். தளத்தைச் சீராக்கும் வண்டியோட்டிதான் கண்டார். அவனுக்கு இருபத்தொன்பது வயது.

*

சஸ்கடூன் மருத்துவமனையில், அன்றிரவு உயிர் போன பிறகு, ஒரு பெண் மருத்துவர் ஆரூரனைத் தனியே அழைத்துப் படத்தைக் காட்டினார்.

"மூளையில் வலப்பக்கம், பின்னால் ஒரு கட்டி. ஒரு வருடமாவது வளர்ந்திருக்கும். இன்று இரத்தம் கசிந்துவிட்டது. இது இருக்கும் இடம்தான் இடப்பக்கத்தைப் பார்க்கும் இடம். இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் போயிருக்கும்."

"அவன் ஒன்றும் சொல்லவில்லையே."

"அவருக்கே தெரிந்திருக்காது. தெரியாத பக்கத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். கூட இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். கதவு நிலையில் இடிப்பார். தட்டில் ஒரு பக்கத்துச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்புவார்."

"பருவத்தின் நடுவில் ஒரு தரம் பலமாக அடிபட்டான் என்று அவன் மனைவி சொன்னாள். அதனால் வந்ததா?"

"எந்தப் பக்கம் அடிபட்டார்?"

"இடப்பக்கம்."

"அடிபட்டதால் வந்ததில்லை. வந்தவனைக் காணாததால் அடிபட்டிருப்பார்." மருத்துவர் படத்தை அணைத்தார். "ஜனவரி, பெப்ரவரியில் யாராவது அனுப்பியிருந்தால் எடுத்திருக்கலாம். இதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன்."

விமானத்தில் திரும்பி வரும்போது ஆரூரனுக்கு 318 நினைவுக்கு வந்தான். உடனே, 'அவனுக்கு வலப்பக்கம்' என்று தன்னையே ஆற்றிக்கொண்டான். இறுதிச் சடங்கு முடிந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையும் வந்து போனது. வலப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே மே மாதத்தையும் யூனையும் கடந்தான்.

யூலை முதலாம் தேதி, விதிப்படி பெயர்ப் பட்டியல் வெளியானது. எந்த இலக்கம் யார் என்று மதிப்பீட்டாளர்கள் அன்றைக்குத்தான் பார்க்கலாம். அவன் அகரவரிசையில் தேடவில்லை. நேரே இலக்கத்துக்குப் போனான்.

318. துவாரகன் பொன்னுத்துரை. இடம்வலம் மாற்றிக் காட்டப்பட்டது: ஆம்.

சிறிது நேரத்தில் மிரேய் கூப்பிட்டாள். அவளும் பார்த்துவிட்டாள். அழுகையோடு பேசினாள்.

"கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னேன், ஆரூரன். சொல்லிவிட்டுச் சிரித்தேன்."

"நானும் சிரித்தேன்."

"அது உன் தம்பி என்று உனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் நான் சொல்வேன், அவனுக்குத் தெரியாது என்று."

"பெயர் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவன் பயப்படுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனிடம் பயத்தைக் கண்டால் உடனே ஏதோ நோய் என்று நினைத்திருப்பேன். கூப்பிட்டிருப்பேன்."

"அப்படியென்றால் பெயரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வாயா?"

ஆரூரன் அந்தப் பஞ்சாபிப் பையன்களை நினைத்தான். "தெரியவில்லை, மிரேய்," என்றான்.

*

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அவன் மிதுனாவின் வீட்டுக்குப் போனான். துவாரகனின் மனைவி. இறப்புக்குப் பிறகு அம்மாவும் அவளோடுதான் இருந்தார். மருமகளுக்குத் துணையாக வந்தேன் என்று அம்மா சொல்வார். மாமிக்குத் துணையாக வைத்திருக்கிறேன் என்று மிதுனா சொல்வாள்.

வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கிப் பார்த்தான். தாளை எழுதியது நான். அவன் என்று எனக்குத் தெரியாது. மன்னியுங்கள். மூன்றே வசனம். மூன்றும் உண்மை.

அம்மா வரவேற்பறையில் பெரிய கிண்ணத்தை மடியில் வைத்துப் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சு போனாய்," என்றார். "இருந்து சாப்பிட்டிட்டுப் போ. கணவாய் வாங்கி வைச்சிருக்கிறன்."

மிதுனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"நான் ஒண்டு சொல்ல வந்தனான்," என்றான் ஆரூரன்.

"தாளைப் பற்றியோ அத்தான்?"

மிதுனா எழும்பி உள்ளே போய், நான்காய் மடித்த ஒரு தாளோடு வந்தாள். மடிப்புகள் தேய்ந்து, ஒரு மூலை ஈரம் பட்டுப் பொருமியிருந்தது.

"மாத்தம் முடிஞ்ச பிறகு ஆட்டக்காரருக்கும் ஒரு பிரதி குடுக்கிறவங்கள். எழுதினது ஆரெண்டு இருக்காது. இவர் மூண்டாம் வரியிலேயே சிரிச்சுப் போட்டார். 'மிது, இது அண்ணா. அடிக்க முதல் ஒருக்காத் தடவிக் குடுக்கிறது அண்ணாவின்ரை பழக்கம். பார், முதல்ல கண்ணைப் புகழ்ந்திருக்கிறார்' எண்டு சொன்னவர்."

ஆரூரன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"எனக்குக் கோவம் வந்தது. பயந்தவன் எண்டெல்லோ எழுதியிருக்கு எண்டு கேட்டன். இவருக்குக் கோவமே வரேல்லை. சந்தோசப்பட்டவர். 'வாயால கதைக்க விதி விடாது. அதுதான் எழுத்தில கதைச்சிருக்கிறார். என்னை விடாமப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்' எண்டார். கடிதம் மாதிரி வைச்சிருந்தவர் அத்தான். ஸ்கேட்ஸ் பைக்குள்ளதான் கிடந்தது. அந்தப் பக்கத்துக்குத் தனியப் பழகச் சொல்லி எழுதியிருந்தனீங்கள்தானே. ஒவ்வொரு நாளும் மற்ற ஆக்களுக்கு முதல் போனவர்."

"டொக்டரிட்டை..." என்று தொடங்கினான் ஆரூரன்.

"அணி டொக்டர் கேட்டவராம், என்ன அந்தப் பக்கம் பிந்துறாய் எண்டு. இவர், அது பயம்தான், எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார், பழகினால் சரிவரும் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர்." மிதுனா தாளை மடியில் வைத்துத் தடவினாள். "உங்களை மட்டும் சொல்லேல்லை. நானும்தானே பாத்துக்கொண்டிருந்தனான். தட்டில பாதிச் சோறு அப்பிடியே கிடக்கும். வீணாக்கிறீங்கள் எண்டு பேசினனான்."

அம்மா காய் முறிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாக்கியிருந்தார்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றாள் மிதுனா. "அவரெண்டு தெரிஞ்சுதானே எழுதினனீங்கள்?"

கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. வேறு ஏதோ இருந்தது. மருத்துவமனை வாசலில் நின்று உள்ளேயிருந்து வருபவரைப் பார்க்கும் பார்வை.

கிண்ணம் அசைவதை நிறுத்தியது.

"என்ன பிள்ளை கேக்கிறாய்?" என்றார் அம்மா. "தெரிஞ்சோ? கூடப் பிறந்தவன் எண்டு தெரிஞ்சுகொண்டு, பயந்தவன் எண்டு எழுதி, பிடிச்சுத் தள்ளி விடுவானோ? மனுசன் செய்யிற வேலையோ அது? ஆரூ, தெரியாது எண்டு சொல்லு. முகம் காட்டாது, பேர் வராது எண்டு நீதானேயடா எனக்குச் சொன்னனி."

அடுக்கி வைத்திருந்த மூன்று வசனத்தில் இரண்டாவது, நாக்கு நுனியில் வந்து நின்றது. தெரியாது. அதைச் சொன்னால் அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு அவன் தலையைத் தடவுவார். இருவருமாக அழலாம். அது உண்மையும்கூட.

ஆனால் அதைச் சொன்ன கணமே, மிதுனாவின் மடியில் இருப்பது ஓர் அலுவலகத் தாளாகிவிடும். ஓர் இலக்கத்தைப் பற்றி யாரோ மூன்று பேர் சிரித்துக்கொண்டே எழுதிய தாள். சஸ்கடூனில் அந்தக் காலைகளில் துவாரகனை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றாகிவிடும். அவன் தனியாகவே திரும்பித் திரும்பிப் பழகினான், தனியாகவே விழுந்தான் என்றாகிவிடும்.

"ஓம்," என்றான் ஆரூரன். "தெரியும்."

"முகம் காட்டாதெல்லோ, எப்பிடி?" என்றாள் மிதுனா.

"முகம் எதுக்கு? அவன் சறுக்கிறது எனக்குத் தெரியாதோ?"

மிதுனா தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சடங்கு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. "சொன்னவர்," என்றாள், மூச்சுக்கு நடுவே. "அண்ணாவுக்குத் தெரியும் எண்டு சொன்னவர்."

அம்மா எழும்பினார். முழங்கால் நோவோடு கதிரைக் கையைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தார். ஆரூரன் உதவிக்குக் கை நீட்டினான். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குள் போனார்.

அவன் இன்னும் அரை மணி நேரம் இருந்தான். குசினிக்குள்ளிருந்து கணவாய் பொரியும் மணம் வந்தது. தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அவன் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்து நாடாவைக் கட்டினான். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.